உப்புக் கிடங்கின் உலை

1984 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை. மாலை மணி 4.10.

கதவு உடைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நாய்தான். வாசற்படிக்கு உள்ளே, கதவிடுக்கில் மூக்கை வைத்தபடி செத்துக் கிடந்தது. அதற்கு அப்பால் கோரைப்பாயில், அங்கே உலை வைத்து உலோக ஆராய்ச்சி செய்துவந்த ஆதிநாராயணன் மல்லாந்திருந்தார். காயம் இல்லை, வாயில் நுரை இல்லை, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனிதர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். மேலே உத்தரத்தில் நாலைந்து புறாக்கள், கீழே நடந்ததற்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலக் குனுகிக்கொண்டிருந்தன.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னலே கிடையாது. ஒரு காலத்தில் உப்புக் கொட்டி வைக்கக் கட்டிய கிடங்கு அது, சுவர் இரண்டடிக் கனம். கூரையோரம் ஒரு காற்றுத்துவாரம் உண்டு, அதில் பூனைகூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும்.

"கல்லறைப் பேய் அட்ச்சிட்ச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் கூப்பிடு தூரம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு பழவேற்காட்டில் ஒரு ஆள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மாலை மணி 5.45.

பொன்னேரியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார் சப்-இன்ஸ்பெக்டர் தருமலிங்கம். இவரைப் பற்றி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. மனிதர் சுத்தப் பயந்தாங்கொள்ளி. தண்ணீர் என்றால் பயம், நாய் என்றால் பயம், பிணம் என்றால் கேட்கவே வேண்டாம். போலீஸில் எப்படிச் சேர்ந்தார் என்று அவர் மாமியாரே இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒன்று, தைரியசாலி எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. பயந்தவன்தான் ஒவ்வொரு மூலையையும் பார்ப்பான்.

அன்று அவர் வாசலில் நின்றே பார்த்தார். நாயைப் பார்த்தார். புறாக்களைப் பார்த்தார். அணைந்து ஆறிக்கொண்டிருந்த உலையைப் பார்த்தார். ஆதிநாராயணனின் தலை வெறும் பாயில் கிடந்ததையும் பார்த்தார்.

"இன்னா சார், உள்ள வர்லியா?" என்றார் ஏட்டு முனிரத்தினம், சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு.

"இங்கேருந்தே நல்லாத் தெரியுதுய்யா."

சனிக்கிழமை, காலை மணி 9.00.

அரசு மருத்துவமனை டாக்டரின் சொல் வந்திருந்தது. விஷம் இல்லை, மாரடைப்பு இல்லை, கழுத்தை யாரும் நெரிக்கவில்லை. மத்தியானம் ஒரு மணி வாக்கில் மூச்சு அடங்கியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. டாக்டருக்கே தெரியாது என்றால் தருமலிங்கம்தான் பார்த்தாக வேண்டும்.

வேறு வழியில்லாமல் கிடங்குக்குள் போனார். எந்த அறைக்குள் போனாலும் ஓடுவதற்கு எத்தனை வழி என்று எண்ணுவது அவர் வழக்கம். கதவு ஒன்று. காற்றுத்துவாரம் ஒன்று. மேற்குச் சுவரில், தரையோடு தரையாக, கழுவிய தண்ணீர் வெளியே போக ஒரு ஓட்டை. ஒரு சாண் அகலம் இருக்கும். அதன் வழியே ஏரி வெளிச்சம் தெரிய வேண்டுமே, ஏன் இருட்டாக இருக்கிறது?

வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஓட்டையில் ஏரிச்சேறு அப்பிய பொதி ஒன்று இறுக்கித் திணித்திருந்தது. முனிரத்தினம் பிடுங்கி எடுத்துச் சேற்றைக் கழுவினார். பனையோலையில் முடைந்த சின்னப் பறிக்கூடை. உள்ளேயும் சேறு. ஓலை இன்னும் பச்சை வாடை அடித்தது. விளிம்பு ஒரு பிசிறு இல்லாமல் மழமழவென்று இருந்தது.

"சார்! இது கையால எறா புடிக்கிற பொம்பளைங்க பறி. இங்க வேல செய்ற காசியம்மா அந்த ஜனந்தான். வியாயக்கெழமகூட 'அந்த ரூம்புல சாவு குந்திக்கினு கீது'ன்னு கடத்தெருவுல கத்திச்சாம், ஊரே கேட்டுக்கீது. முட்ஞ்சிபோச்சி கேஸு!"

கேஸ் முடிந்ததோ இல்லையோ, சேதி ஊருக்குள் ஓடிவிட்டது. பத்து மணிக்குள் காசியம்மாளின் குடிசைக் கூரையைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். சூனியக்காரியாம். அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் தங்கச்சி வீட்டில் ஒளிந்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அவளைப் பொன்னேரி கோர்ட்டில் நிறுத்த வேண்டும்.

காலை மணி 11.00.

புறக்காவல் நிலைய வராந்தாவில் சுவரோரம் குந்தியிருந்தாள் காசியம்மாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். கைவிரல்கள் மட்டும் உப்புத்தண்ணீரில் ஊறி வெளுத்து, வேறு யாருடையதோபோல இருந்தன.

"என்ன வேலை செஞ்சே அங்கே?"

"பொடி பரப்புறது சார். ரெண்டு தினுசு இரும்புப் பொடி. அய்யா கலந்து குடுப்பாரு, நா அடுக்கடுக்காப் பரப்பி, வெரலால தட்டித் தட்டி உடுவேன். அப்பால ரூம்பக் கூட்டுவேன். பதினோரு மணிக்கு ஏரிக்குப் பூட்வேன்."

"சாவு குந்தியிருக்குன்னு ஏன் கத்தினே?"

"ஒரு நா குந்திக்கினு கூட்டச் சொல்லோ கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி. ஒலை பாத்துக்கிற வேணுதான் தூக்கி நிக்க வச்சிச்சு. நின்னதும் சரியாப் பூட்ச்சு. எனக்கு பயம் சார். அய்யாதான் சிரிச்சாரு. தண்ணி போற ஓட்டைய நண்டு சேறு போட்டு அடச்சிக்கிச்சு, இனிமே தெனம் காலைல கைய வுட்டு நோண்டிடு, அத்த மட்டும் மூடவே கூடாதுன்னாரு. நானும் தெனம் நோண்டுறேன். வெள்ளிக்கெழமயும் நோண்டனேன். எம் பொண்ணுங்க மேல சத்தியம்!"

"உன் பறி எங்கே?"

மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். நைந்துபோன பறி. விளிம்பு ஒரு பக்கம் எலி கொறித்ததுபோலப் பிய்ந்திருந்தது.

"இதை எப்படி வச்சிக்கிட்டு இறால் பிடிப்பே?"

"ரெண்டு கையும் சேத்துக்குள்ள தொழாவினு இருக்கும் சார். பறி வாயிலதான். பல்லுல கவ்விக்கினு தவுழுவோம்." அவள் கவ்விக் காட்டினாள். பறியைக் கவ்விய வாயோடு, கண்ணில் தண்ணீர் வழிய, அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தருமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் மணி 12.30.

கிடங்குக்குச் சொந்தக்காரர் இனாயத்துல்லா. பழைய வியாபாரக் குடும்பம், அறுபது வயசு, வெள்ளைத் தாடி. ஆதிநாராயணன் என்ன செய்தார் என்பதை அவர்தான் விளங்கும்படி சொன்னார்.

"மழைக்காலத்துல உப்பு மூட்டை கல்லா இறுகிப்போகும், பார்த்திருக்கீங்களா? உருகல, ஆனா ஒட்டிக்கிச்சு. அதே வேலைதான்னு சொல்வார். ரெண்டு உலோகம். ஒண்ணு நிக்கல் கலந்தது, ஒண்ணு மாலிப்டினம் கலந்தது. ரெண்டும் கடுஞ்சூடு தாங்கும். ஆனா ஒண்ணு சூட்டுல நெறய விரியும், இன்னொண்ணு விரியாது. அப்படியே பத்தவச்சா பிச்சுக்குமாம். அதனால நடுவுல பொடி வச்சாரு. ஒரு அடுக்குல இது கொஞ்சம் கூட, அடுத்த அடுக்குல அது கொஞ்சம் கூட, பதினோரு அடுக்கு. அழுத்தி உலையில வச்சா, உருகாமலே ரெண்டும் உடன்பிறப்பா ஒட்டிக்கும். மூணு வருஷப் பாடு. திங்கக்கிழமை மெட்ராஸ்ல பெரிய கம்பெனிக்காரங்களுக்குக் காட்ட இருந்தாரு."

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு எங்கே இருந்தீங்க?"

"ஜும்ஆ தொழுகை நேரத்துல எங்க இருப்பேன்? பள்ளிவாசல்ல. ஊரே அங்கதான் இருந்துச்சு."

"கதவை உடைச்சப்போ?"

"நான், வேணு, சீனிவாசன் சார், ரெண்டு படகுக்காரங்க. எனக்கு மனசு கேக்கல, உள்ள ஓடப் பார்த்தேன். சீனிவாசன் சார்தான் கையை விரிச்சு வாசல்ல நின்னுட்டாரு. போலீஸ் வரட்டும், தடயம் கெட்டுடும்னு. நிதானமான மனுஷர். ரெண்டு நிமிஷம் கழிச்சு அவரே போய், குனிஞ்சு நாடி பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினாரு."

அந்த நிதானமான மனுஷர் ஆதிநாராயணனின் கூட்டாளி. அம்பத்தூரில் பட்டறை, வெள்ளை வேட்டி, தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி.

"எனக்கு இந்தப் பொடி, உலை, வாயு ஒண்ணும் தெரியாது சார். செய்யறது அவர், விக்கறது நான். அவ்வளவுதான்."

"ஒரு மணிக்கு?"

"கல்லறைத் தோட்டத்துப் பக்கம் வேப்பமரத்து நிழல்ல காரை நிறுத்திட்டுத் தூங்கிட்டேன். போறவங்க எல்லாம் பார்த்திருப்பாங்களே."

பார்த்திருந்தார்கள். காரைப் பார்த்திருந்தார்கள்.

மாலை மணி 4.00.

கடைசியாக வேணு. உலை வேலை தெரிந்த ஒரே ஆள், மீஞ்சூர்க்காரன். கிடங்குக்கு வெளியே தகரக் கொட்டகையில் இரண்டு வாயு உருளைகள் நின்றன. அங்கிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உலைக்குப் போனது. தருமலிங்கம் எட்ட நின்றே கேட்டார்.

"இதுல என்ன?"

"ஆர்கான் சார். காத்து பட்டா பொடி கறுத்துடும், ஒட்டாது. அதான் ஒலைக்குள்ள இத்த வுட்டுக்கினே இருக்கணும். நூல் மாதிரி, கொஞ்சூண்டு."

"ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்?"

"நாலு நாளு."

"இது எப்போ மாட்டினது?"

"வெள்ளிக்கெழம காலைல. மாட்டிட்டுப் பத்து மணி பஸ்ஸுல வூட்டுக்குப் போனேன். நைனாவுக்கு ஒடம்பு சரியில்ல. நாலு மணிக்குத்தான் வந்தேன்."

"இப்போ எவ்வளவு இருக்கு?"

வேணு உருளையைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டான்.

"நான் பார்த்தேன் தம்பி. ரெண்டுமே காலி. கொட்டகை மூலையில சாக்கைப் போட்டு மூடியிருக்கிற மூணாவதுதான் பாக்கி. இது விஷமா?"

வேணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "வெஷம் இல்ல சார். வாசன இல்ல, நெறம் இல்ல. ஆனா காத்த வுடக் கனம். கீழதான் தங்கும். மெல்லமா வுட்டா அந்த ஓட்ட வழியா வெளிய பூடும். ஓட்டைய அடச்சி முழுசாத் தெறந்து வுட்டா, தரையில குட்டை மாரி நிக்கும். அதுல படுத்தா மூச்சுத் தெணர்றதுகூடத் தெரியாது. தூக்கத்துலயே... எனக்கு நேத்தே தெரியும் சார். சொன்னா, தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானேன்னு என்னைத்தானே புடிப்பீங்க! பயந்துட்டேன் சார்."

தருமலிங்கம் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தார். நாய் செத்தது, உத்தரத்துப் புறா சாகவில்லை. குந்தியிருந்தவள் மயங்கினாள், நின்றதும் தெளிந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஆள் முழங்கால் உயரத்துக்கு அந்த அறையில் படுத்துக் கிடந்திருக்கிறது, ஆதிநாராயணனின் பக்கத்திலேயே. காலையில் அந்தத் தரையில்தான் தானும் நடந்தோம் என்று நினைத்தபோது அவருக்குக் கால் கூசியது.

"அய்யா தூங்கும்போது தலைக்கு என்ன வச்சிப்பாரு?"

"தலகாணியே கெடையாது சார். நோட்டு ஒண்ணு, பெருசு. எந்த அடுக்குல எவ்ளோ பொடின்னு எல்லாம் அதுலதான். அத்த மடிச்ச துண்டுல சுத்தித் தலைக்கு வச்சிக்கினுதான் படுப்பாரு."

"சரி. நான் சொல்ற மாதிரி நாளைக்கு ஒண்ணு செய். இன்னிக்கு என்கிட்ட சொன்னதை ஒரு ஈ காக்காகிட்ட சொல்லாதே."

ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 11.15.

கிடங்குக்குள் ஐந்து பேர். தருமலிங்கம், ஏட்டு, இனாயத்துல்லா, சீனிவாசன், காசியம்மாள். வெளியே கொட்டகையில் வேணு. கதவை உள்ளே தாழிட்டார் தருமலிங்கம்.

"வெள்ளிக்கிழமை நடந்தது அப்படியே திரும்ப நடக்கணும். அப்பதான் எனக்குப் புரியும்." ஒரு ஈரச் சாக்கை எல்லோர் கண்ணெதிரிலும் அந்தத் தரை ஓட்டையில் திணித்தார். ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தித் தரையில் நட்டார். "எல்லாரும் கீழே உட்காருங்க."

தானே முதலில் உட்கார்ந்தார். ஏட்டு உட்கார்ந்தார். இனாயத்துல்லா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். காசியம்மாள் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஓட்டைக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"நீங்களும் உட்காருங்க சார்."

"வேட்டி அழுக்காகும்" என்றார் சீனிவாசன்.

மணி 11.20.

"வேணு, திற!"

சுவருக்குள் குழாய் ஒருதரம் முனகி நின்றது. எதிர் டீக்கடை ரேடியோவில் பாடிக்கொண்டிருந்த பெண் குரல் பாதியில் அறுந்தது. நிமிஷம் ஒன்று போயிற்று. பிறகு உலையின் வாயிலிருந்து உஸ்ஸென்று ஒரு சீறல் தொடங்கியது.

"யா அல்லாஹ்" என்று இனாயத்துல்லா முணுமுணுத்தார். புறாக்கள் படபடத்து அடங்கின.

மணி 11.23.

சீனிவாசன் உலைப்பக்கம் பார்த்தார். ஓட்டையில் இருந்த சாக்கைப் பார்த்தார். மெதுவாக, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், மூலையில் கிடந்த முக்காலியில் ஏறி நின்றார்.

மெழுகுவத்திச் சுடர் சுருங்கியது. விரலளவு இருந்தது நெல்மணி அளவாயிற்று. தருமலிங்கம் அதையே பார்த்தார். அவர் வேணுவிடம் சொல்லியிருந்தது இது இல்லை. உலையை ஆற்றுகிற மோட்டாரை ஓடவிட்டு வெறும் காற்றைத்தான் விடச் சொல்லியிருந்தார். காற்றடிக்கிற வேகத்தில் சுடர் படுக்கிறது, வேறொன்றும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எழுந்து ஓடு என்று கால் கெஞ்சியது. எழுந்தால் திங்கட்கிழமை காசியம்மாள் கூண்டில் நிற்பாள். உட்கார்ந்தே இருந்தார்.

சீனிவாசன் முக்காலியிலிருந்து மேசைக்குத் தாவினார். காற்றுத்துவாரத்தின் பக்கம் முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

"கதவைத் திறங்க!"

"ஏன் சார்?"

"திறய்யா! பைத்தியமா உனக்கு?"

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

"கீழே இருக்கறவனுக்குத்தான்யா முதல்ல! ரெண்டு நிமிஷத்துல அப்படியே சாய்ஞ்சிடுவே!"

சொல்லிவிட்டுத்தான் தன் குரல் தன் காதில் விழுந்தது அவருக்கு. வாயைப் பொத்திக்கொண்டார்.

படுத்திருந்த சுடர் சட்டென்று நிமிர்ந்து பழையபடி எரிந்தது.

"வேணு, மூடு!" என்று கத்தினார் தருமலிங்கம். தாழ்ப்பாளை அவர் திறந்த வேகத்தைப் பார்த்திருந்தால் மாமியார்கூடப் பாராட்டியிருப்பார். எல்லோரும் கிடங்கு வராந்தாவுக்கு ஓடிவந்தார்கள். கடைசியாகக் காசியம்மாள் வந்தாள், கையில் ஈரச் சாக்கோடு.

மணி 11.30.

ஏட்டு சீனிவாசனின் கையைப் பிடித்து நிறுத்தி, கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு காரைப் பார்க்கப் போனார். தருமலிங்கம் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கியபடியே பேசினார்.

"வாயுவைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னீங்க. தெரியாதவங்க மூணு பேரும் உட்கார்ந்தாங்க. தெரிஞ்ச ஒரு நல்லவன் உள்ளே இருந்திருந்தா, உட்காராதீங்கன்னு எங்களுக்குக் கத்திச் சொல்லியிருப்பான். நீங்க சத்தம் போடாம உங்களை மட்டும் காப்பாத்திக்கிட்டீங்க."

"பயத்துல ஏறினேன். இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"வெள்ளிக்கிழமையும் அதையேதான் செஞ்சீங்க. கதவு உடைஞ்சதும் எல்லாரையும் வெளியே நிறுத்தினீங்க. போலீஸ் வரட்டும்னு சொன்னவர் போலீஸ் வர்ற வரைக்கும் நிக்கலையே! உள்ளே தங்கினது வெளியே வடியற வரைக்கும் ரெண்டு நிமிஷம் நின்னீங்க. அப்புறம் நாடி பார்க்கற சாக்குல குனிஞ்சு, தலைக்கு வச்சிருந்த நோட்டைத் துண்டோட உருவிட்டீங்க. நான் வரும்போது அவர் தலை வெறும் பாயில இருந்தது."

"இந்தப் பொம்பளையோட பறிதானே ஓட்டையில இருந்தது!"

"பறிதான். இவளோடது இல்லை." இரண்டு பறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இந்த ஜனம் பறியை இடுப்புல கட்டறதில்லை, கையில பிடிக்கறதில்லை. பல்லுல கவ்வுது. ஒரே ஒரு நாள் ஏரியில இறங்கினாலும் விளிம்புல பல் பதிஞ்சிடும். ஓட்டையில இருந்த பறி முழுக்க ஏரிச்சேறு, ஆனா விளிம்புல ஒரு பல்கூடப் படலை. அதை ஏரிக்குக் கொண்டுபோனது யாரோட வாயும் இல்லை. வாங்கிட்டு வந்து சேத்துல முக்கினது இந்த ஊர் வேலை தெரியாத ஒரு ஆள். வேணு இங்கேயே மூணு வருஷமா இவங்களைப் பார்க்கறவன். இனாயத்துல்லா பாய் இங்கேயே பிறந்தவர். மிச்சம் நீங்க."

சீனிவாசனின் கார் டிக்கியைத் திறந்து பார்த்த முனிரத்தினம் திரும்பி வந்தார். ஒரு கையில் துண்டு சுற்றிய தடித்த நோட்டு. இன்னொரு கையில் உள்ளங்கையளவு உலோகத் துண்டு. பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம், நடுவில் குறுக்காக வெடிப்பு.

வேணு கொட்டகையிலிருந்து வந்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எங்க ஒலையில வெந்தது இல்ல சார்."

"அம்பத்தூர்ல வெந்தது. நோட்டைத் திருட்டுத்தனமாப் பார்த்துத் தானே செஞ்சு பார்த்திருக்கார். அதைத் தன்னோட கண்டுபிடிப்புன்னு கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லியும் வச்சிருக்கணும். திங்கக்கிழமை ஆதிநாராயணன் போய் நின்னா மானம் போயிடும். ஆனா இவர் செஞ்சது வெடிச்சிடுச்சு. என்னவோ ஒண்ணு கடைசிப் பக்கத்துல இருக்குன்னு நினைச்சுட்டார். அப்படித்தானே சார்?"

சீனிவாசன் தலை குனிந்தது. "எல்லாம் அவன் எழுதினபடிதான் செஞ்சேன்" என்றார் மெல்ல. "அதே எடை, அதே சூடு, அதே நேரம். அஞ்சு தரம் செஞ்சேன். அஞ்சும் வெடிச்சுது."

"அஞ்சு இன்னா, அம்பது செஞ்சாலும் வெடிக்கும்" என்றான் வேணு. "அடுக்குக்கு நடுவுல ஒரு சொட்டுக் காத்து நின்னாலும் வெடிக்கும் சார். அத்த நோட்டுல எப்பிடி எழுதறது? காசியம்மா வெரலு தட்டிக்கினே வரும், எங்க உள்ள காத்து நின்னு பொய்யா கீதுன்னு அதுக்குத் தெரியும். அய்யாவே தட்டுனாலும் ஒட்டு நிக்கல."

சீனிவாசன் நிமிர்ந்து காசியம்மாளின் கைகளை முதல்முறையாகப் பார்த்தார். தூக்குமேடைக்கு அனுப்பப் பார்த்த கை அதுதான். ஏட்டு அவரை ஜீப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் தருமலிங்கம் நிம்மதியாக ஒரு டீ குடித்திருப்பார். வேணுதான் கையைப் பிசைந்துகொண்டே பக்கத்தில் வந்தான்.

"சார், ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. நீங்க தெறன்னு சொன்னதும் மோட்டாரப் போட்டேன். கரெக்டா கரண்ட்டு பூட்ச்சு. டீக்கடை ரேடியோகூட நின்னுச்சே, கேக்கல? சத்தமே வர்லன்னா உங்க பிளான் கெட்டுப்பூடுமேன்னு மூணாவது சிலிண்டரத் தெறந்து வுட்டேன். சீக்கிரமாக் கதவத் தெறந்துருவீங்கன்னு நெனச்சேன் சார்."

"எது? ஆர்கானையா?"

"ஆமா சார்."

நெல்மணியாகச் சுருங்கிய சுடர் தருமலிங்கத்தின் கண்முன் வந்து நின்றது. பிறகு அது நிமிர்ந்ததும் ஞாபகம் வந்தது. எப்படி நிமிர்ந்தது? ஓட்டையைத்தான் அவரே அடைத்துவிட்டாரே!

அவர் பார்வை காசியம்மாளின் கையிலிருந்த ஈரச் சாக்கில் போய் நின்றது.

"நீங்க அடச்சதுமே எனக்குப் பகீர்னு ஆச்சு சார்" என்றாள் அவள். "மூடவே கூடாதுன்னு அய்யா சொல்லிக்கீறாரு. அதிகாரி அடைக்கறாரே, இன்னா சொல்றதுன்னு வாய மூடிக்கினேன். ஆனா வெரலு சும்மா குந்துமா? பின்னால கைய வுட்டு, கொஞ்சங் கொஞ்சமா இஸ்த்துட்டேன். தப்பா சார்?"

தருமலிங்கம் படியில் உட்கார்ந்துவிட்டார். இனாயத்துல்லா பாய் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், பாதி சட்டையில் கொட்டியது.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் கடைசியில். "உன் கூரையைப் பிய்ச்சவங்களையே நிக்க வச்சு வேயச் சொல்றேன். நாளைக்குக் கோர்ட்டுக்கு நீ வர வேண்டாம்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை, அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் தருமலிங்கம். "உள்ளே என்ன ஆகும்னு தெரியாம உட்கார்ந்திருந்தியே, பயமா இல்லையா உனக்கு?"

"பயம் இல்லாமயா?" அவள் தன் பழைய பறியை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். "ஏரில சேத்துக்குள்ள கைய வுடச் சொல்லோ, உள்ள கீறது எறாவா, நண்டா, பாம்பான்னு யாருக்கு சார் தெரியும்? பயந்துக்கினேதான் வுடணும். பயம் போன அப்பால வுடலாம்னா புள்ளைங்க பட்டினிதான்."

அவள் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். தருமலிங்கம் எழுந்து கிடங்கைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார். குனிந்து, அந்த ஓட்டை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பார்த்தது போதவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார்.